கரண்ட் போனால் எந்தப் பெட்டிக்குப் போவது?

போன இதழில், சின்னச் சின்ன மின்னணு போர்டுகளுக்கான மென்பொருளை முதலில் படமாக வரைந்து, அந்தப் படத்திலிருந்தே நிரலை எடுப்பது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அப்படி வரையும் படங்களுக்கான பொது மொழிதான் யூ.எம்.எல். அந்தப் பெயரைப் பார்த்ததும் கல்லூரிப் பரீட்சை ஞாபகம் வந்து எழுதியவர்கள் பாதிப்பேர். இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே, நமக்கு எதற்கு என்று கேட்டவர்கள் மீதிப்பேர். இந்த முறை நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டேன். நானும் கோத்தகிரிக்காரி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்த கடிதம். அதற்கு நிறைய இடம் வேண்டும், கொடுத்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், குன்னூர். கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் உங்கள் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். போன முறை "நிலை", "நிகழ்வு" என்று திரும்பத் திரும்ப எழுதினீர்கள். எனக்கு விளங்கும்படி சொல்ல முடியுமா?

ஐயா, உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே போவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலின் நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. இரண்டு சிலிண்டர்கள் வழக்கமான சக்கரங்களைச் சுழற்றும், மற்ற இரண்டும் அடியில் இருக்கும் பல்சக்கரத்தைச் சுழற்றும். கல்லாறு வரைக்கும் சமதளம், முதல் இரண்டுக்கு மட்டும்தான் வேலை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்பட்டை தொடங்கிவிடும். 12 அடிக்கு ஒரு அடி என்கிற அளவுக்குச் செங்குத்தான ஏற்றம். அங்கே முதல் ஜோடி சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியே இரண்டாவது ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தையும் சுழற்றும். குன்னூர் வந்ததும் பல்பட்டை முடிந்துவிடும்.

ஆக, டிரைவர் நீராவியைத் திறக்கிறார் என்கிற ஒரே காரியத்துக்கு, வண்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே நடப்பது வேறாகிறது. "சமதள ஓட்டம்", "பல்பட்டை ஓட்டம்" இரண்டும் நிலைகள். "கல்லாறு தாண்டியது", "குன்னூர் வந்தது" இரண்டும் நிகழ்வுகள். நிலையைப் பெட்டியாகவும் நிகழ்வை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் அம்பாகவும் போட்டால் அதுதான் நிலை வரைபடம், நாங்கள் ஸ்டேட் மெஷின் என்று சொல்வது.

இன்னும் ஒரு படி. ரயில் பெட்டிகளில் நின்றுகொண்டு பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கொடி காட்டினால் வண்டி சமதளத்தில் இருந்தாலும் நிற்க வேண்டும், பல்பட்டையில் இருந்தாலும் நிற்க வேண்டும். இதற்கு இரண்டு அம்புகள் போட வேண்டாம். இரண்டு சின்னப் பெட்டிகளையும் சுற்றி "ஓடுகிறது" என்று ஒரு பெரிய பெட்டி போட்டு, அந்தப் பெரிய பெட்டியின் விளிம்பிலிருந்து ஒரே ஒரு அம்பு "நிறுத்தம்" என்பதற்குப் போட்டால் போதும். பெட்டிக்குள் பெட்டி என்கிற இந்த யோசனை பார்க்க எளிது, ஆனால் எங்கள் தொழிலில் இதற்கு ஈடான யோசனைகள் குறைவு. மற்ற பதில்களிலும் இது திரும்பத் திரும்ப வரும், பாருங்கள்.

அக்கா, நான் ஊட்டியிலிருந்து கோவை போய் இன்ஜினியரிங் படிக்கிறேன். யூ.எம்.எல். படங்களைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து வரைகிறோம், 13 மார்க். வேலைக்குப் போனால் யாரும் வரைவதில்லை என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எம்பெடெட் வேலைக்கு இது உண்மையிலேயே தேவையா?

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. யூ.எம்.எல். 2-இல் 14 வகைப் படங்கள் இருக்கின்றன, பதினான்கையும் வரைகிற ஆளை நான் பார்த்ததில்லை. யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று காட்டும் யூஸ் கேஸ் படத்தில் குச்சி மனிதனைப் போட்டுவிட்டுப் பைலில் கட்டி வைப்பதால் ஒரு போர்டும் ஓடாது. ஆனால் எம்பெடெட், அதாவது சாதனத்துக்குள்ளேயே உட்காரும் மென்பொருள் உலகத்தில் அந்தப் பதினான்கில் ஒன்று மட்டும் தனி. அது நிலை வரைபடம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் தனி என்று புரியும்.

1983-இல் டேவிட் ஹாரெல் என்ற கணினி அறிவியலாளர் இஸ்ரேலின் விமானத் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப் போனார். லவி என்ற போர் விமானத்தின் மின்னணுப் பகுதியை அப்போது உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பொறியாளர்களுக்கு விமானத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்வது பாடாக இருந்தது. தடித்தடியாக எழுதி வைத்திருந்த ஆவணங்களிலும் தெளிவு கிடைக்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி அவர் வரைய ஆரம்பித்ததுதான் பெட்டிக்குள் பெட்டி வைக்கும் இந்தப் படம். 1987-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பூச், ரம்பா, யாகப்சன் மூவரும் தங்கள் தங்கள் முறைகளைச் சேர்த்து யூ.எம்.எல். உருவாக்கியபோது இந்தப் படமும் உள்ளே வந்தது. 1997-இல் ஓ.எம்.ஜி. என்ற தர நிர்ணயக் கூட்டமைப்பு யூ.எம்.எல்.லை ஏற்றுக்கொண்டது, 2005-இல் இரண்டாம் பதிப்பு வந்தது.

அதாவது, பொத்தானும் சென்சாரும் மோட்டாரும் உள்ள ஒரு சாதனத்தின் நடத்தையைத் தெளிவாகச் சொல்வதற்கென்றே பிறந்த படம் இது. நம் வேலைக்குப் பொருந்துவதில் ஆச்சரியமில்லை.

இனி "மாடல் டிரிவன்" என்பதற்கு வருவோம். படம் வரைவது ஒன்று, படத்தையே மாடலாக, அதாவது மூலமாக வைத்துக்கொள்வது வேறொன்று. முதலாவதில் படத்தைப் பார்த்து நீங்கள் கையால் சி மொழியில் எழுதுவீர்கள். நாலு மாதத்தில் நிரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். இரண்டாவதில் ஒரு கருவி படத்தைப் படித்து நிரலைத் தானே உருவாக்கும், மாற்றம் வேண்டுமென்றால் படத்தில்தான் செய்ய வேண்டும். ஓ.எம்.ஜி. 2001-இல் இதற்கு எம்.டி.ஏ. (மாடல் டிரிவன் ஆர்கிடெக்சர்) என்று பெயர் வைத்து, எந்தச் சிப் என்று பார்க்காத மாடல், குறிப்பிட்ட சிப்புக்கான மாடல் என்று இரண்டு அடுக்காகப் பிரித்தது. அந்தப் பிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "14 மணி நேரம் ஆனதும் ஃபேனை நிறுத்து" என்பது சிப் மாறினாலும் மாறாது. "எட்டாம் பின்னை அணை" என்பது சிப்போடு மாறும் (பின் என்றால் சிப்பின் உலோகக் கால்).

பரீட்சைக்கு ஏ.டி.எம். இயந்திரத்தை வரையச் சொல்வார்கள், வரைந்து மார்க்கை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரை வரைந்து பாருங்கள். தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் எந்தப் பெட்டிக்குப் போகும் என்று தேடும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

மேடம், குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வீடியோ பார்த்து ஆர்டுயினோ போர்டில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, இலை வாட்டுகிற டிரஃப் ஃபேன்களுக்கு நானே கன்ட்ரோல் போட்டேன். ஆறு டிரஃப். 14 மணி நேரம் ஓட வேண்டும், ஈரக் காற்றாக இருந்தால் நடுவில் சூடான காற்று கலக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடுகிறதே என்று போர்டுக்கு மட்டும் ஒரு பேட்டரி போட்டேன். இப்போது இரண்டு தொல்லை. கரண்ட் திரும்பியதும் ஆறு ஃபேனும் ஒன்றாகக் கிளம்பி மெயின் பிரேக்கர் விழுகிறது. இன்னொன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம், இலை போட்ட கையோடு "முடிந்தது" விளக்கு எரிந்து ஃபேன் நின்றுவிடுகிறது. ரீசெட் அடித்தால் சரியாகிவிடும். எழுதியது 900 வரி, முழுக்க இஃப், எல்ஸ், அதாவது இப்படியென்றால் இது, இல்லாவிட்டால் அது. எங்கே தப்பு என்று எனக்கே பிடிபடவில்லை.

அண்ணா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அந்த "ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம்" என்பதை எழுதியதற்கு நன்றி, அதிலேயே விடை இருக்கிறது.

ஆர்டுயினோவில் மில்லிஸ் என்று ஒரு கடிகாரம் உண்டு, போர்டு உயிர்பெற்றதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணும். அந்த எண் 32 பிட்டுக்குள், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்களுக்குள் அடங்க வேண்டும். 32 பிட் நிரம்ப ஆகும் நேரம் 49.7 நாள். நிரம்பியதும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். முன்பெல்லாம் கரண்ட் போகப் போக போர்டு புதிதாகத் தொடங்கியதால் இந்த எண் நிரம்ப வாய்ப்பே வந்திருக்காது. நீங்கள் பேட்டரி போட்டது நல்ல காரியம், ஆனால் அதனால்தான் போர்டு முதல் முறையாக 49 நாளைத் தொடர்ந்து பார்க்கிறது. ஐம்பதாவது நாளை ஒட்டிய மாலையில் இலை போடுகிறீர்கள். "இப்போதைய நேரத்தோடு 14 மணியைக் கூட்டு, அதுதான் முடிவு நேரம்" என்று எழுதியிருப்பீர்கள். கூட்டும்போது எண் நிரம்பி வழிந்து முடிவு நேரம் ஒரு சின்ன எண்ணாகிவிடும். இப்போதைய நேரம் அதைவிடப் பெரிது, எனவே "முடிந்தது". இலை பச்சையாகவே கிடக்கும்.

திருத்தம் ஒரு வரிதான்: முடிவு நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போடாமல், "இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழி, அது 14 மணியை எட்டிவிட்டதா" என்று கேளுங்கள். குறியில்லாத (மைனஸே வராத) 32 பிட் எண்ணில் கழித்தால் வழிந்தாலும் விடை சரியாக வரும். ஆனால் 900 வரியில் எத்தனை இடத்தில் நேரத்தை ஒப்பிட்டிருக்கிறீர்கள்? ஆறு டிரஃபுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தால் இருபது, முப்பது இடமாவது இருக்கும். நிலை வரைபடத்தில் "14 மணி ஆனதும்" என்பது அம்பின் மேல் எழுதும் ஒரு நிகழ்வு, அவ்வளவுதான். அதை எப்படி எண்ணுவது என்பது நிரல் உருவாக்கியில் ஒரே இடத்தில் இருக்கும், அங்கே ஒரு முறை சரியாக எழுதினால் போதும்.

பிரேக்கர் விஷயத்துக்கு வருகிறேன். டிரஃப் பார்க்காத வாசகர்களுக்கு: அது நீளமான தொட்டி, மேலே கம்பி வலை, அதன்மேல் பசுந்தேயிலையைப் பரப்பி வைத்து, அடியிலிருந்து ஃபேன் காற்றை மேலே தள்ளும். பறித்த இலையில் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு பகுதி போய் இலை துவண்டால்தான் அடுத்து இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. மெஷினில் ஒழுங்காக அரைபடும். மழை நாளில் காற்றே நனைந்திருக்கும், அப்போதுதான் சூடான காற்று கலப்பது.

உங்கள் போர்டு இப்போது கரண்ட் போனதையே அறியாது. அதற்குப் பேட்டரி இருக்கிறது, ரிலேக்களை (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்சுகளை) பிடித்துக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வந்த நொடியில் ஃபேன் மோட்டார்களுக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சுகளான ஆறு கான்டாக்டரும் ஒன்றாக அடைகின்றன. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு இருக்கும் என்பது எனக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். ஆறு மோட்டாரும் சேர்ந்தால் பிரேக்கர் என்ன செய்யும்?

900 வரியை மூடி வைத்துவிட்டு ஒரு சார்ட் பேப்பரை எடுங்கள். ஒரே ஒரு டிரஃபை மட்டும் வரையுங்கள். முதலில் "காலி". இலை போட்டு பட்டனை அழுத்தினால் "வாட்டம்" என்ற பெரிய பெட்டி. அதற்குள் இரண்டு சின்னப் பெட்டிகள்: "சாதாக் காற்று", "சூடான காற்று". பெரிய பெட்டிக்குள் நுழையும்போது செய்ய வேண்டியது ஃபேனைப் போடுவது, வெளியேறும்போது ஃபேனை அணைப்பது. "சூடான காற்று" பெட்டிக்குள் நுழையும்போது சூட்டுக் காற்றின் கதவைத் திற, வெளியேறும்போது மூடு. யூ.எம்.எல். விதி என்னவென்றால், நுழையும்போது வெளிப்பெட்டியின் வேலை முதலில், உள்பெட்டியின் வேலை பிறகு. வெளியேறும்போது தலைகீழாக, உள்ளிருந்து வெளியே. இந்த ஒரு விதியால் ஃபேன் ஓடாமல் சூட்டுக் கதவு திறப்பது என்பது படத்திலேயே நடக்க முடியாத காரியமாகிவிடுகிறது. எந்த வழியாக வெளியேறினாலும் கதவு மூடிய பிறகுதான் ஃபேன் நிற்கும். இதையே இஃப்பில் எழுதினால் வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் நீங்கள் ஞாபகம் வைத்து எழுத வேண்டும், ஏதாவது ஒன்றில் விட்டுப்போகும். (பேனலில் கம்பியால் போட்ட இன்டர்லாக் (பாதுகாப்புத் தடை) இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். மென்பொருளை நம்பி அதைக் கழற்றாதீர்கள்.)

அடுத்து, "மெயின் போனது" என்ற நிகழ்வை உண்டாக்குங்கள். மெயின் லைனில் ஒரு சின்ன ரிலே வைத்து அதன் தொடர்பைப் போர்டுக்குக் கொடுத்தால் போதும், உங்களுக்கு இது அரை மணி வேலை. "வாட்டம்" பெட்டியின் விளிம்பிலிருந்து "கரண்ட் இல்லை" பெட்டிக்கு ஒரு அம்பு. மெயின் திரும்பினால் நேரே வாட்டத்துக்குப் போகக் கூடாது, "முறைக்குக் காத்திருப்பு" என்று ஒரு பெட்டிக்குப் போகட்டும். ஆறு டிரஃபுக்கும் பொதுவாக "முறை தருபவர்" என்று இன்னொரு சின்னப் படம், அதற்கு ஒரே வேலைதான்: எட்டு பத்து விநாடிக்கு ஒரு முறை வரிசையில் நிற்கும் ஒருவருக்கு "உன் முறை" என்ற நிகழ்வை அனுப்புவது. முறை கிடைத்த டிரஃப் வாட்டத்துக்குள் திரும்பும். உள்ளே எந்தச் சின்னப் பெட்டிக்கு? கரண்ட் போனபோது எதில் இருந்ததோ அதற்கே. வட்டத்துக்குள் ஹெச் என்று ஒரு குறி போட்டு அம்பை அதில் முடித்தால் அதுதான் பொருள், வரலாற்று நிலை என்பார்கள்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு முறை நின்றேன். கோத்தகிரி பக்கம் ஒரு ஃபேக்டரியில் இதே மாதிரி படத்தை வரைந்து, அங்கே பல வருஷமாகத் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் காட்டினேன். அவருக்கு நிரல் தெரியாது. பெட்டிகளின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தவர் அந்த ஹெச் மேல் நிறுத்திவிட்டார். கரண்ட் பத்து நிமிஷத்தில் வந்தால் அப்படியே ஓட்டலாம், ரெண்டு மணி நேரம் கழித்து வந்தால் ஓட்டக் கூடாதும்மா என்றார். காற்றில்லாமல் கிடக்கும் இலை தானே சூடேறும், சிவக்க ஆரம்பிக்கும், ஆள் போய்க் கையை விட்டுப் பார்த்து, புரட்டிப் போட்டுவிட்டுத்தான் காற்றுக் கொடுக்க வேண்டும். அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார்: நின்ற நேரம் 14 மணிக் கணக்கில் சேருமா, சேராதா? நான் அதுவரைக்கும் யோசித்ததே இல்லை. என் நிரலைக் காட்டியிருந்தால் அவரால் இந்த இரண்டில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க முடியாது. அன்றைக்கே "ஆள் பார்க்க வேண்டும்" என்று புதுப் பெட்டி ஒன்று வந்தது, சைரனோடு. எவ்வளவு நேரம் தாண்டினால் அதற்குள் போக வேண்டும் என்பதை அவர்தான் சொன்னார். உங்கள் ஃபேக்டரிக்கு உங்கள் டீமேக்கரைக் கேளுங்கள்.

பேட்டரியும் ஒரு நாள் இறங்கும். அதற்காக நிலையை, கரண்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈ-ப்ராமில் எழுதி வையுங்கள், ஆனால் நிலை மாறும்போது மட்டும். உங்கள் போர்டில் இருக்கும் சிப்பின் ஈ-ப்ராமில் ஒரு இடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்றுதான் தயாரிப்பாளர் உறுதி தருகிறார். விநாடிக்கு ஒரு தரம் ஒரே இடத்தில் எழுதினால் 28 மணி நேரத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஒரு நாளுக்கு முப்பது நிலை மாற்றம் என்று வைத்தால் ஒன்பது வருஷம் வரும்.

ஒரு டிரஃபின் படம் சரியானதும் அதையே ஆறு பிரதியாக ஓட்டுங்கள். நிரல் ஒன்று, நிலையை வைத்திருக்கும் மாறிகள் மட்டும் ஆறு.

படத்திலிருந்து கருவி எழுதும் நிரல் வீங்கிப் போகாதா? என்னிடம் இருப்பது 32 கே.பி. ஃப்ளாஷ், 2 கே.பி. ராம் உள்ள சிப். — மஞ்சூர் வாசகர்

கருவியைப் பொறுத்தது. நிலை வரைபடத்துக்கு உள்ளபடி தேவைப்படுவது கொஞ்சம்தான். இப்போது எந்த நிலை என்று சொல்ல ஒரு பைட். எட்டு நிலை, பத்து நிகழ்வு என்றால், எந்த நிலையில் எந்த நிகழ்வு வந்தால் எந்த வேலை என்று சொல்லும் எண்பது கட்டம் உள்ள அட்டவணை. ஒரு கட்டத்தில் ஒரு சுட்டி (அந்த வேலையின் நினைவக முகவரி), உங்கள் சிப்பில் ஒரு சுட்டிக்கு இரண்டு பைட், ஆக 160 பைட். அந்த அட்டவணையை ப்ரோக்மெம் என்று குறித்து, நிரல் இருக்கும் நினைவகமான ஃப்ளாஷிலேயே வைக்க வேண்டும். மறந்தால் அந்தச் சிப்பில் அது ஓடும்போது பயன்படும் நினைவகமான ராமுக்கும் நகலாகிவிடும். சில கருவிகள் அட்டவணைக்குப் பதில் சுவிட்சுக்குள் சுவிட்சாக எழுதும், அதுவும் சின்னதுதான். வீங்குவது எப்போதென்றால், டெஸ்க்டாப்புக்கு என்று செய்த கருவி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளாஸ் போட்டு, ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கும் நிரலை எழுதும்போது. 2 கே.பி. ராமில் அது வேண்டவே வேண்டாம்.

அளவைவிட நான் கவலைப்படுவது வேறொன்று. யூ.எம்.எல். நிலை இயந்திரம் ஒரு நிகழ்வை எடுத்தால் அதை முழுக்க முடித்த பிறகுதான் அடுத்ததை எடுக்கும். எனவே அம்பின் மேலோ பெட்டிக்குள்ளோ எழுதும் வேலைகள் சட்டென்று முடிய வேண்டும். டிலே போட்டு எட்டு விநாடி உட்கார வைத்தால் அந்த எட்டு விநாடியும் எல்லா நிகழ்வுகளும் வரிசையில் நிற்கும், அவசர நிறுத்தப் பட்டன் உட்பட. காத்திருக்க வேண்டுமா, அதற்கென்று ஒரு பெட்டி வரையுங்கள். இன்டரப்டில், அதாவது ஓடும் நிரலை இடைமறித்து ஓடும் பகுதியில் வேலை செய்யாதீர்கள், நிகழ்வை வரிசையில் போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள்.

நேரத்துக்குள் முடியுமா என்பதை நிலை வரைபடம் உங்களுக்குச் சொல்லாது. நேரக் கெடுவையும் சிப்பின் வளங்களையும் படத்தில் குறிப்பதற்கென்று ஓ.எம்.ஜி. 2009-இல் மார்ட்டே என்று ஒரு துணைத் தரம் வெளியிட்டது, பெரிய திட்டங்களுக்கு நல்லது. உங்களுக்கு நான் சொல்வது, வேலை தொடங்கும்போது ஒரு பின்னை ஏற்றி முடியும்போது இறக்கி, மின்னழுத்தத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அந்தத் துடிப்பின் அகலத்தைப் பாருங்கள்.

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே ஒரு எம்பெடெட் டீமில் வேலை செய்கிறேன். எங்கள் மேனேஜர் "முதலில் கோட் முடியட்டும், டெலிவரிக்கு முன்னால் யூ.எம்.எல். படங்களை அப்டேட் செய்துவிடலாம்" என்கிறார். இதில் தப்பு உண்டா?

உண்டு. கடைசியில் வரையும் படம் நிரலில் உள்ள தப்பையும் சேர்த்து அழகாக வரைந்திருக்கும், அதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆடிட்டுக்குக் காட்டலாம், அவ்வளவுதான்.

ஆனால் மாடலிலிருந்து நிரலை உருவாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே அந்த நிரலைக் கையால் தொடுவது இதைவிட மோசம். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் குடிநீர் பம்ப்புக்கு ஒரு கன்ட்ரோலர் செய்தோம். தண்ணீர் வராமல் பம்ப் ஓடினால் ஐந்து விநாடியில் நிறுத்திவிடும். மலைச் சரிவில் ஒரு ஊரில் பைப் நீளம் அதிகம், தண்ணீர் நிரம்பி சென்சாரை எட்டவே பதினைந்து விநாடி ஆனது. அங்கே போயிருந்த சக பொறியாளர் கருவி உருவாக்கிய பைலைத் திறந்து, ஐந்தை இருபதாக்கி, ஏற்றிவிட்டு வந்தார். பம்ப் ஓடியது, எல்லோருக்கும் நிம்மதி. மூன்று மாதம் கழித்து நான் வேறொரு வசதியைச் சேர்க்க மாடலை மாற்றி நிரலைப் புதிதாக உருவாக்கி அனுப்பினேன். அவருடைய இருபது அழிந்து மறுபடி ஐந்தாகிவிட்டது. காலையில் பம்ப் போட்ட ஐந்தாவது விநாடியில் நின்றது, மறுபடி போட்டார்கள், மறுபடி நின்றது. நாங்கள் அங்கே போய்ச் சேரும்வரை இரண்டு நாள் அந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை. பெண்கள் குடத்தோடு கீழே ஊற்றுக்கு இறங்கிப் போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் பேனலைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் விடாப்பிடியாகக் கேட்பது இதுதான்: உருவான நிரல் யார் கைக்கும் எட்டக் கூடாது, நிரலைத் தொகுக்கும் ஒவ்வொரு பில்டிலும் மாடலிலிருந்து புதிதாக உருவாக வேண்டும். கையால் எழுத வேண்டியது தனிப் பைலில் இருக்கட்டும், மாடல் அதைக் கூப்பிடட்டும். சென்சார் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி.யைப் படிப்பது, ஃபில்டர் கணக்கு, ரெஜிஸ்டர் அமைப்பு, இதற்கெல்லாம் படம் வேண்டாம், நேராக சி-யில் எழுதுங்கள். அதைப் படத்தில் வரைந்தால் படமும் படிக்க முடியாது, நிரலும் படிக்க முடியாது. அந்த ஐந்து விநாடி மாதிரி ஊருக்கு ஊர் மாறும் எண்களை மாடலுக்குள்ளும் வைக்காதீர்கள், போர்டிலேயே அமைப்பாக மாற்ற வழி விடுங்கள்.

டீமில் ஒரு கஷ்டம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். பல கருவிகள் மாடலை எக்ஸ்.எம்.ஐ. என்ற வடிவில் சேமிக்கும். இரண்டு பேர் ஒரே படத்தைத் திருத்தினால் பைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இணைப்பது பெரும்பாடு, ஆயிரக்கணக்கான வரியில் எது யாருடையது என்று தெரியாது. மாடலைச் சின்னச் சின்னப் பைல்களாகப் பிரியுங்கள், ஒரு பைலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் ஏ.ஐ. கேட்டதும் கோட் எழுதிக் கொடுக்கிறதே, படம் எதற்கு? — குன்னூர், கல்லூரி மாணவர்

எழுதிக் கொடுக்கட்டும், நானும் கேட்டு வாங்குகிறேன். ஆனால் கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? நீங்கள் சொல்லாவிட்டால் அது ஒன்றை ஊகித்து எழுதும், ஓடவும் ஓடும். அது எழுதித் தரும் நூற்றுக்கணக்கான வரியை டீமேக்கரிடம் நீட்ட முடியாது, படத்தை நீட்டலாம். படத்தை அவர் ஒப்புக்கொண்ட பிறகு, அதையே எழுத்து வடிவில் ஏ.ஐ.யிடம் கொடுத்து நிரல் கேளுங்கள், ஒவ்வொரு அம்புக்கும் ஒரு சோதனையும் எழுதச் சொல்லுங்கள்.

எந்தக் கருவியில் தொடங்கலாம்? காசு செலவழிக்க முடியாது. — கூடலூர்

முதல் இரண்டு மூன்று படத்துக்குப் பென்சிலும் ரப்பரும். அடுத்து பிளான்ட் யூ.எம்.எல்., எழுத்தில் தட்டினால் படமாக வரைந்து தரும், இலவசம். நிரல் உருவாக்காது, ஆனால் எழுத்தாக இருப்பதால் கிட்டில் அழகாக உட்காரும். நிரலும் வேண்டுமென்றால் கியூ.எம். என்ற கருவியைப் பாருங்கள், இலவசமாகக் கிடைக்கிறது, கியூ.பி. என்ற சின்னக் கட்டமைப்போடு சேர்ந்து சின்ன சிப்களுக்கென்றே சி, சி++ நிரலை எழுதும், கியூ.பி.யைத் திறமூல உரிமத்தில் எடுக்கலாம், மூலநிரலை வெளியிடாமல் விற்கும் பொருளில் போடுவதாக இருந்தால் உரிமக் கட்டணத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். பப்பைரஸ், எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் மென்பொருளுக்குள் வரும், அதுவும் இலவசம், யூ.எம்.எல். முழுவதும் இருக்கும், பழகக் கொஞ்சம் நாளாகும், பழைய லேப்டாப்பில் திணறும். ராப்சடி என்ற கருவி விமானம், கார் கம்பெனிகளில் காண்பது, விலை நமக்கில்லை.

கருவி எதுவாக இருந்தாலும் முதல் படமாக உங்கள் ஊர்ச் சாதனம் ஒன்றை எடுங்கள். கூடலூரில் யானை வராமல் இருக்கப் போடும் சோலார் வேலி நல்ல பயிற்சி: பகல், இரவு, பேட்டரி இறங்கியது, கம்பி அறுந்தது, ஆள் வேலை பார்க்கிறார். அந்தக் கடைசிப் பெட்டியிலிருந்து வெளியேற என்ன நிகழ்வு வேண்டும் என்று யோசித்து வரைந்து எனக்கு அனுப்புங்கள். "பத்து நிமிஷம் ஆனதும்" என்று மட்டும் போட்டு அனுப்பாதீர்கள், கம்பியில் கை வைத்திருப்பவர் பதினோராவது நிமிஷமும் அங்கேயே இருக்கலாம்.